வரம் கிடையாது, ஒரே ஒரு கேள்வி: சாமி நேரில் வந்தால் என்ன கேட்பீர்கள்?

ஐந்துரோட்டான் (இழையைத் தொடங்கியவர்)

ஆடி பிறந்துவிட்டது. சேலம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் எட்டுப்பேட்டையும் களைகட்டிவிடும். பொங்கல் வைப்பவர்கள், உருளுதண்டம் போடுபவர்கள், அலகு குத்துபவர்கள், உப்பும் மிளகும் கொட்டுபவர்கள் என்று வருகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எதையாவது கேட்டுத்தான் வருவார்கள். வேலை, கல்யாணம், வீடு, விசா. அதில் தப்பே இல்லை. ஆனால் இங்கே விளையாட்டு வேறு. சாமி நேரில் வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வந்திருக்கிறது. ஆனால் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும். ஆளுக்கு ஒரு கேள்வி.

லாட்டரி நம்பர், டிஎன்பிஎஸ்சி வினாத்தாள் எல்லாம் வரத்தில் சேரும், செல்லாது. எந்தச் சாமி என்பது உங்கள் இஷ்டம்.

தட்டுவடைசெட்

அடுத்த பத்து வருஷத்தில் சேலத்தில் எந்தப் பக்கம் நிலம் வாங்கினால் விலை ஏறும்? கேள்விதானே இது.

ஐந்துரோட்டான்

வரம். அடுத்த ஆள் வாங்க.

தட்டுவடைசெட்

சரி, அப்போ இதுக்குப் பதில் சொல்லட்டும். ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, சட்னி தடவி, இதை விற்கலாம் என்று முதலில் யோசித்த ஆள் யார்? ஊரே உரிமை கொண்டாடுகிறது. அந்த ஆளின் பேர் யாருக்காவது தெரியுமா?

குச்சிக்கிழங்கு

நாங்கள் ஆத்தூர் பக்கம். மரவள்ளிதான் போடுகிறோம். என் கேள்வி மாவுப்பூச்சி பற்றியது. நாலஞ்சு வருஷம் முன்னால் வந்தது. குருத்தெல்லாம் குறுகி, கொத்தாகச் சுருண்டு, இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கிடக்கும். கிழங்கு ஊறவே ஊறாது. எங்கள் பக்கம் நட்டதைப் பிடுங்கிப்போட்டுவிட்டு மக்காச்சோளத்துக்குப் போனவர்கள் உண்டு. மருந்து அடித்துப் பார்த்தோம், பதினைந்து நாளில் மறுபடி வந்து நிற்கும். சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: இதை எதுக்குப் படைச்சே? யாருக்கு என்ன பிரயோஜனம்?

பெத்தநாயக்கன்பாளையம் பஸ்

அண்ணா, இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் ஏற்கெனவே இருக்கிறதுங்க. அந்தப் பூச்சி நம்ம ஊர் பூச்சியே இல்லை. பிறந்த இடம் தென் அமெரிக்கா. அங்கே அது இத்தனை ஆட்டம் போடுவதில்லை. ஏனென்றால் அதே மண்ணில் அதற்கென்று ஒரு குளவி இருக்கிறது. கொசு அளவுகூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளியே வரும். எழுபதுகளில் இந்தப் பூச்சி ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை நம்பியிருந்த நாடுகளை ஆட்டிவைத்தது. 1981இல் பராகுவேயில் அந்தக் குளவியைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அடங்கியது. நம் நாட்டில் 2020இல் கேரளத்தில் முதலில் பார்த்தார்கள், அப்புறம் சேலம், நாமக்கல் எல்லாம். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, பெங்களூருவில் வளர்த்து, 2022இல் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள்.

ஆக, படைத்தவர் என்று ஒருவர் இருந்தால் அவர் நோயையும் மருந்தையும் ஒரே வயலில்தான் வைத்திருந்தார். நாம்தான் நடுகிற குச்சியோடு பூச்சியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம், குளவியை விட்டுவிட்டு.

குச்சிக்கிழங்கு

குளவி வந்தது தெரியும் தம்பி. பராகுவே கதை தெரியாது. சரி, கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். இன்னும் எந்தெந்தப் பூச்சிக்கு எந்தெந்த நாட்டில் இப்படி ஜோடி வைத்திருக்கிறாய்?

ஐந்துரோட்டான்

பட்டியலே கேட்கிறீர்கள். வரத்துக்கும் கேள்விக்கும் நடுவில் நிற்கிறது. விவசாயி என்பதால் விட்டுவிடுகிறேன்.

சேகோ களம்

மரவள்ளிக்காரர் ஆரம்பித்ததால் ஜவ்வரிசி மில்காரனும் வருகிறேன். கிழங்கை அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் மாவு படியவிட்டு, உருட்டி, வறுத்து, கடைசியில் களத்தில் கொட்டிக் காயவைப்போம். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு மழை வந்தால் போச்சு. நிறம் போய்விடும், விலையும் போய்விடும். மேகம் திரண்டால் நான் களத்தில் நின்று மாரியம்மனைத்தான் கூப்பிடுவேன், கொஞ்சம் பொறு தாயே என்று. அதே நேரத்தில் ரெண்டு மைல் தள்ளி, எனக்குக் கிழங்கு போடுகிற அதே ஆள் அதே அம்மனைக் கூப்பிட்டு மழை கேட்டுக்கொண்டிருப்பார். அவள் பேரிலேயே மழை இருக்கிறது, என் பக்கம் சாய எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எந்தக் கணக்கில் முடிவு செய்கிறாய்? முதலில் கூப்பிட்டவரா, அதிகம் பேர் கூப்பிட்ட பக்கமா?

காப்பிக்காட்டான்

எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மார்ச், ஏப்ரலில் எங்களுக்கு ஒரு மழை கட்டாயம் வேண்டும். பூ மழை என்போம். அது பெய்து பத்து நாளுக்குள் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும், தோட்டம் முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும், ரெண்டு மூணு நாளில் உதிர்ந்துவிடும். அந்த மழை தப்பினால் வருஷமே தப்பியது மாதிரிதான். அதே மழை பழம் பறிக்கிற மாதங்களில் வந்தால் பழம் வெடித்துக் கொட்டிவிடும், களத்தில் கொட்டையும் காயாது. ஆக நாங்கள் ஒரே வருஷத்தில் இரண்டு விதமாகவும் வேண்டுகிறோம். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய் நின்று மாசிக்குப் பிறகு மழை கேட்போம், கார்த்திகையில் போய் வேண்டாம் என்போம். என்ன நினைப்பார் எங்களைப் பற்றி? அதைத்தான் கேட்பேன்.

கருப்புச்சட்டை

எல்லோரும் மழைக்கு மனு எழுதிக்கொண்டிருப்பதால் ஒரு தகவல். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பேர் மாறியது 1944 ஆகஸ்ட் 27, இதே சேலத்தில். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, வராத ஒருத்தர் வந்தால் என்ன கேட்பது என்று விவாதம். எனக்குக் கேள்வி இல்லை. பதில் சொல்ல ஆள் இருக்கிற இடத்தில்தான் கேள்வி கேட்பேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. மனு கொடுத்தால் ரசீதாவது தருவார்கள்.

தட்டுவடைசெட்

ரசீது தருவார்கள். அதற்கப்புறம் அவர்களும் கல்தான்.

அஸ்தம்பட்டி அக்கா

கருப்புச்சட்டைத் தம்பி சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் நம் பக்கத்தில் சாமியிடம் கேட்டுப் பதில் வாங்குவது ஒன்றும் கற்பனை இல்லையே. பூப் போட்டுக் கேட்பது இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது! பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு செவ்வரளி, ஒரு வெள்ளரளி. தனித்தனியாக இலையில் வைத்து, எது எது என்று தெரியாதபடி ஒரே அளவில் மடித்து, நூல் சுற்றி, சாமி காலடியில் போடுவார்கள். மனசுக்குள் கேட்டுக்கொண்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணம், வீட்டுமனை, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் இதுதான்.

என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், பையனும் தங்கம். பிள்ளை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு. அப்பா அதோடு விட்டுவிட்டார். அந்தப் பையன் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறான், அம்மாப்பேட்டையில் கடை வைத்திருக்கிறான், பார்த்தால் சிரிப்பான். தங்கையும் நன்றாகத்தான் இருக்கிறாள், வேறு இடத்தில். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள், “ஏங்க்கா சிவப்பு வந்துச்சு?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. செய்யலாமா கூடாதா என்று கேட்கத்தான் நம்மிடம் பொட்டலம் இருக்கிறது. ஏன் என்று கேட்க இல்லை. சாமி திண்ணைக்கு வந்தால் நான் அந்தப் பழைய பொட்டலத்தைப் பற்றித்தான் கேட்பேன்.

ஐந்துரோட்டான்

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் சரியான கேள்வி.

கருப்புச்சட்டை

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. ரெண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி சிவப்பு வரும். ஏன் வந்தது என்றால், வந்தது, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி அக்கா

கோபமெல்லாம் இல்லை தம்பி. அந்தப் பதிலையே சாமி வந்து சொன்னாலும் சரிதான். தற்செயல்தான் என்று அதன் வாயால் வரட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

பெரியேரி

எந்தச் சாமி என்பது நம் இஷ்டம் என்றாரே இழைக்காரர், எங்கள் பக்கம் அதிலேயே சிக்கல். தலைவெட்டி முனியப்பன் கோயில் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலை துண்டாகி, திரும்ப ஒட்டவைத்த சிலை. தலைமுறை தலைமுறையாக முனியப்பன் என்றுதான் கும்பிட்டார்கள். வழக்கு நடந்து, தொல்லியல் துறை போய்ப் பார்த்து, தாமரைப் பீடம், தியானத்தில் வைத்த கைகள், சுருள் முடி, நீண்ட காது எல்லாம் குறித்துக்கொண்டு வந்து இது புத்தர் என்றார்கள். 2022இல் உயர் நீதிமன்றமும் அப்படியே சொல்லிவிட்டது.

தீர்ப்பைப் பற்றிச் சண்டை போட நான் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் அங்கே போய் நின்று, எதிரியை ஒடுக்கு, தொலைந்த மாட்டைக் காட்டு என்று காவல் தெய்வத்திடம் கேட்பதையெல்லாம் கேட்டார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் புத்தர்! உலகத்துக்கு முடிவு உண்டா, செத்த பிறகு என்ன ஆகும் என்று சீடர் கேட்டதற்கே பதில் சொல்லாமல் விட்டவர் அவர். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் என்ன மரம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் செத்துத்தான் போவான் என்று சொன்னவர். அவரிடம் நான் கேட்பேன்: எங்கள் ஊர் ஆட்கள் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தீரா? எதையாவது செய்துகொடுத்தீரா?

வண்டிவேடிக்கை

இந்த இழையில் சாமியாக இருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். சேலம் குகைப் பகுதியில் ஆடிக்கு வண்டி வேடிக்கை நடக்குமே, சாமி வேஷம் கட்டியவர்களை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுவது, அதில் சிவன் வேஷம் கட்டியிருக்கிறேன். சாயங்காலமே உட்காரவைத்து நீலம் பூசி, ஜடை வைத்து, கழுத்தில் பாம்பைச் சுற்றி லாரி மேல் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் ராத்திரி வரைக்கும் அசையக் கூடாது. மூக்கு அரித்தால் அரித்ததுதான். லைட் சூட்டில் சாயம் வழிந்து கண்ணில் இறங்கும், அப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

ஜனம் என்னிடம் என்ன கேட்டது தெரியுமா? சின்னப் பசங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி, பாம்பு நிஜமா பொம்மையா. இளவட்டம் செல்ஃபிக்கு இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லும். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டித் திருநீறு கேட்பவர்கள் உண்டு. ஒரு பாட்டி மட்டும் வண்டி நின்ற இடத்தில் கிட்டே வந்து, கை கூப்பிவிட்டு, மெதுவாக, “எத்தன நேரமா நிக்கிற சாமி, எதாச்சும் சாப்டியா?” என்றது. நான் இந்தப் பக்கத்து ஆள் என்று அதற்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும்தான் கேட்டது. நான் வாய் திறக்கக் கூடாது, தலையாட்டவும் கூடாது. வண்டி நகர்ந்துவிட்டது.

நிஜச் சாமி வந்தால் நான் தொழில் சம்பந்தமாகத்தான் கேட்பேன். எப்படி அசையாமல் இருக்கிறாய்?

கொலுசுப் பட்டறை

வெள்ளிக் கிலோ லட்சத்தைத் தாண்டினதிலிருந்து பட்டறையில் வேலை பாதிதான். அதைக் கேட்டால் வரம் என்பீர்கள், கேட்கவில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் எங்களிடம்தான் கொலுசு செய்துகொண்டு போவார்கள். சிலைக்குக் குத்துமதிப்பான அளவுதான், யாரும் கால் அளவு கொண்டுவந்து கொடுத்ததில்லை. போட்டுப் பார்த்தாயா, எங்காவது இறுக்குதா? அது தெரிந்தால் அடுத்ததைச் சரியாகச் செய்வேன்.

இரவுப் பணி

செவிலியராக இருக்கிறேன், எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். என் கேள்வி வலி பற்றியது. வலி எதற்கு என்று படித்திருக்கிறேன், எச்சரிக்கைக்கு. வலியே தெரியாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. நாக்கைக் கடித்துக்கொள்ளும், முறிந்த காலோடு நடக்கும். ஆகவே வலி தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலும்புக்குப் புற்றுநோய் பரவியவர்களைப் பார்க்கிறேன். மணி அடித்தாயிற்று, கதவைத் திறந்தாயிற்று, வீட்டில் இருக்கிற எல்லோரும் எழுந்து வந்து நிற்கிறார்கள். இன்னும் ஏன் மணி அடிக்கிறது? நிறுத்தும் பொத்தானை ஏன் வைக்கவில்லை? இதை நான் கோபத்தில் கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்டால் கோபத்தில்தான் கேட்பேன்.

கருப்புச்சட்டை

இந்தக் கேள்வி கடவுளுக்குப் போக வேண்டியதே இல்லை. மார்பின் என்று ஒரு வலிமருந்து இருக்கிறது. 1985 போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு அதை வைத்திருக்கவே மருத்துவமனைகள் பயந்தன, அத்தனை உரிமம், அத்தனை கெடுபிடி. 2014இல் திருத்தம் வந்துதான் கொஞ்சம் இளகியது. நடுவில் எத்தனை பேர் கத்திக்கொண்டே போனார்கள்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கோட்டையும் டில்லியும்.

இரவுப் பணி

உங்களைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும் அண்ணா. மருந்து கையில் இருக்கிற ராத்திரியிலும் இந்தக் கேள்வி இருக்கிறது என்பதுதான் நான் சொல்வது.

மலைப்பாதை ஜோ

அக்கா, பைபிளில் வரும் யோபுவின் கதையில் கிட்டத்தட்ட இதேதான். பிள்ளைகள் செத்து, சொத்து போய், உடம்பெல்லாம் கொப்புளம். ஓட்டுச்சில்லை எடுத்துச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்கிறார். கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசத்தான் செய்கிறார். ஆனால் பதில் இல்லை, திரும்பவும் கேள்விகள். நான் பூமிக்கு அஸ்திவாரம் போடும்போது நீ எங்கே இருந்தாய், வரையாடு எப்போது குட்டி போடும் என்று உனக்குத் தெரியுமா என்று. இளவயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றம். இப்போது வேறொன்றுதான் மனதில் நிற்கிறது. நடுவில் நண்பர்கள் வந்து, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் என்று பக்கம் பக்கமாக விளக்கம் சொல்வார்கள். கடவுளுக்குக் கோபம் வருவது அவர்கள் மேல்தான். கேட்டவர் மேல் இல்லை.

இரவுப் பணி

நன்றி. ஆனால் வரையாட்டைப் பற்றிச் சொன்னால் நான் விட மாட்டேன். எனக்குப் பதில்தான் வேண்டும்.

விருத்தாசலம் பாசஞ்சர்

கேட்டுவிட்டுச் சும்மா வரப் பிடிக்காதவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன். சேலத்திலிருந்து ரயில் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே பிராது கட்டுவார்கள். பேர், ஊர் எல்லாம் எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பது போலவே முருகனுக்கு எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளில் தீரும் என்பது நம்பிக்கை. கடன் வாங்கி ஏமாற்றியவன், நகை திருடியவன், புருஷனைப் பிரித்தவள், எல்லார் மேலும் பிராது உண்டு. எனக்குப் பிடித்தது அதில் இன்னொன்று: காரியம் முடிந்தால் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். கேஸை அந்தரத்தில் விடக் கூடாது. கடவுளிடமே ஆபீஸ் நடைமுறை வைத்திருக்கிற ஜனம் நாம்.

கருப்புச்சட்டை

வாபஸ் வாங்கும் வசதி கலெக்டர் ஆபீஸிலும் இல்லை. இதில் மட்டும் தோற்றேன்.

அஸ்தம்பட்டி அக்கா

இழைக்காரரே, எல்லோரையும் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லாமல் இருக்கிறீர்களே. உங்கள் கேள்வி என்ன?

ஐந்துரோட்டான்

என்னுடையதில் தத்துவமெல்லாம் கிடையாதுக்கா. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போனவன் திரும்பவில்லை. நான் அன்று போகவில்லை. ஆற்றில் வழுக்கி விழுந்தானா, இறங்கினானா? அதற்கு முந்தின வாரம் அவன் வீட்டில் ஒரு பிரச்சினை நடந்தது, அதனால் கேட்கிறேன். அவனுடைய அம்மா இருந்தவரைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டார்கள், உனக்குத்தான் எல்லாம் சொல்வானே என்று. அவன் ஏன் போனான் என்றுகூட நான் சாமியைக் கேட்க மாட்டேன். என்ன நடந்தது என்று மட்டும்.

மலைப்பாதை ஜோ

அண்ணா, இதற்கு நான் விளக்கம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கருப்புச்சட்டை

இதில் கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு மேலே இருக்கிறவர் வர வேண்டாம். அன்று கூடப் போன பையன்கள் யாராவது இருப்பார்களே?

ஐந்துரோட்டான்

இருந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாருக்கும் அப்போது பதினாலு வயசு, போலீஸ் வேறு விசாரித்தது.

கருப்புச்சட்டை

பதினாலு வயசில் பயந்து சொன்னது வேறு. இப்போது அவர்களுக்கே அந்த வயசில் பிள்ளைகள் இருப்பார்கள். யாராவது பக்கத்தில் இருந்தால் ஒருதடவை போய்ப் பாருங்கள்.

ஐந்துரோட்டான்

ஒருத்தன் ஓமலூரில் இருக்கிறான், பூக்கடை. ஆடி முடியட்டும், இப்போது போனால் வியாபாரத்தில் நின்று பேசக்கூட நேரம் இருக்காது அவனுக்கு.